மருந்து குடிச்சேளா?

1

என் வீட்டுக்காரருக்குப் போன வாரம் வருசம் திரும்பியது. இங்கே மும்பையில், செம்பூர்ப் பக்கம் திலக் நகரில்தான் என் வீடு. படத்துக்குப் பூ வைத்துவிட்டு, அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றியிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து என் சித்தி மகள் போன் செய்தாள். நாலு வார்த்தை ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று பார்த்தால், "ஏக்கா, நீ அந்தச் சுடலைமுத்து அண்ணாச்சிய ஆஸ்பத்திரியில வச்சு நாறடிச்சிட்டியாமே? சாகக் கெடந்த மனுசன அப்படியா பேசுறது? ஊரெல்லாம் இதான் பேச்சு" என்கிறாள்.

"ஆமா, பேசுனேன். இன்னும் நல்லாப் பேசியிருக்கணும். ஒன் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊரில் இருந்துகொண்டு என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் முழுசாகத் தெரிந்துகொண்டு பேசட்டும். நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமாகி இங்கே வந்த வருசம் என் வகுப்பில் பிள்ளைகளுக்கு உட்கார இடம் இருக்காது. நான் ஓய்வு பெறும்போது மூன்று வகுப்பைச் சேர்த்து ஒரே அறையில் வைத்து நடத்திக்கொண்டிருந்தோம். ஆயுசு முழுக்க வார்த்தை திருத்தியே பழகிய வாய் என்னுடையது. சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆளை நேரில் இன்றைக்கும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். எழுத்தில் 'அவன்' என்றுதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2

என் வீட்டுக்காரர் பேர் ராசையா. தாராவியில் பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். மகள் பிரியா பிறந்து நடக்கிறவரை நாங்களும் அங்கேதான் குடியிருந்தோம். திலக் நகருக்கு மாறிய பிறகும் பட்டறை அங்கே, என் பள்ளிக்கூடமும் அங்கே. குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் நடப்போம். சாயங்காலம் அவர் வர நேரமானால் நான் பட்டறைக்குப் போய் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். தையல் மிசின் சத்தத்தில்தான் எனக்குத் தாள் ஓடும்.

முதலில் அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. பட்டறையில் ரெக்சின் தூசி என்று நினைத்தோம். பிறகு சோறு இறங்கவில்லை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒருநாள் காலையில் முகம் கழுவிவிட்டு வந்தவரைப் பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. காமாலைதான் என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார், சயான் ஸ்டேசனில் பூ விற்கிற பொம்பளைகூடச் சொன்னாள்.

காமாலை என்றால் நம் ஆட்கள் டாக்டரிடம் போகமாட்டார்கள். 'இங்கிலீஷ் மாத்திரையைத் தின்றால் ஏறிக்கொள்ளும்' என்று ஊரிலிருந்து மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்த நம்பிக்கை அது. தாராவியில் காமாலை என்றால் சுடலைமுத்து. மளிகைக் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு, ஒரு பித்தளைத் தாம்பாளம், வாசலில் ஒரு பலகை. மஞ்சள் காமாலை என்று தமிழிலும், பீலியா என்று இந்தியிலும், காவீள் என்று மராட்டியிலும் எழுதியிருக்கும். கூலி வாங்கமாட்டான். அதனாலேயே அவனுக்கு அத்தனை நல்ல பேர். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் மேடையேற்றிச் சால்வை போடுவார்கள்.

என் வீட்டுக்காரரை அவன் மாப்பிள்ளை என்பான், என்னைத் தங்கச்சி என்பான். அன்றைக்கும் அப்படித்தான் பெஞ்சில் உட்காரவைத்து, கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்துவிட்டான். தண்ணீர் மஞ்சள் மஞ்சளாக இறங்கியது. பின்னால் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டரம்மா சொன்னாள்: தேய்க்கிறவன் தன் கையில் முன்கூட்டியே ஏதோ பட்டைச் சாறு தடவிக்கொள்வான், சுண்ணாம்பு பட்டதும் நிறம் மாறும், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"பாத்தியளா மாப்ள, எம்புட்டு எறங்குதுன்னு. உள்ள இன்னும் நெறயக் கெடக்கு. பொடிய விடாம மோர்ல கலக்கித் தின்னணும். உப்பு கூடாது, எண்ண கூடாது. டாக்டர்ட்ட மட்டும் போயிராதிய, ஈரலப் பொசுக்கிருவான்."

பொடியைத் தின்னத் தின்ன மஞ்சள் ஏறியது. போய்க் கேட்டால், "வெளிய வருது, அதான் தெரியுது" என்று இன்னும் பெரிய பொட்டலமாகக் கொடுத்தான். கடைசியில் கத்தியது பிரியாதான். அவள் பவாயில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அந்தப் பலகையில் இருக்கும் தமிழை அவளால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும். வாத்தியாரம்மா மகளுக்கே இந்த லட்சணம் என்று நான் எத்தனையோ நாள் அவளை ஏசியிருக்கிறேன்.

"யே க்யா சல் ரஹா ஹை, பப்பா? என்ன நடக்குது இங்க? ஒரு சோனோகிராஃபி எடுக்கக்கூட உங்களுக்கு அந்த அங்கிள் பர்மிஷன் வேணுமா?" என்று சொல்லி, மறுநாளே லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

3

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். பெரிய ஆஸ்பத்திரி. காலையில் போனால் டோக்கன், டோக்கனுக்குப் பிறகு கேஸ் பேப்பர், கேஸ் பேப்பரை மூன்றாம் மாடியில் காட்டினால் "ஆதார் ஜெராக்ஸ் குட்டே ஆஹே?" என்று நகலைக் கேட்டுத் திரும்பக் கீழே அனுப்புவார்கள். வரிசையில் பாதிப் பேர் மஞ்சள் கண்ணோடு நின்றார்கள்.

ஸ்கேன் பார்த்துவிட்டு நர்ஸம்மா மராட்டியில் ஏதோ சொன்னாள். "ஸ்வாதுபிண்ட்" என்ற வார்த்தைதான் என் காதில் விழுந்தது. பிண்டம் என்று கேட்டது எனக்கு. செத்தவர்களுக்கு வைக்கிற பிண்டத்தைப் பற்றி இவள் ஏன் இப்போதே பேசுகிறாள் என்று பிரியாவிடம் கேட்டேன். அவள் போனில் தேடிக் காட்டினாள். கணையமாம். புத்தகத்தில் படித்த வார்த்தைதான், வாத்தியாரம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் வாயால் அதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நம் வீடுகளில் யாருக்கும் கணையம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியாதே. ஈரல் தெரியும், குடல் தெரியும், பித்தம் தெரியும்.

கணையத்தின் தலைப் பக்கம் ஒரு கட்டி. அது பித்தக் குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது. அதனால் பித்தம் இறங்காமல் ரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் மஞ்சள், அரிப்பு. "வலியோடு வரும் காமாலையைவிட வலியே இல்லாமல் வரும் காமாலைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்" என்றாள் டாக்டரம்மா. மராட்டிக்காரி, சின்ன வயசுதான், அமைதியாகப் பேசுவாள். குழாயில் ஒரு சின்ன ஸ்டென்ட் வைத்துப் பித்தத்தை இறக்கிவிடுவோம், ஈரல் தெளிந்ததும் மேற்கொண்டு பார்ப்போம் என்றாள்.

ஸ்டென்ட் வைத்தார்கள். மஞ்சள் இறங்கவில்லை. அடைத்துக்கொண்டதோ என்று எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். அப்போதும் இறங்கவில்லை. குழாய் திறந்திருக்கிறது, ஈரல் மட்டும் கெட்டுக்கொண்டே போகிறது, ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு வேளை தவறாமல் பொடியை மோரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். "டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொன்னீங்களா?" என்று நான் கேட்டிருந்தேன். "கேட்டதுக்கெல்லாம் அன்னைக்கே பதில் சொல்லிட்டேன்" என்றார். டாக்டருக்குத் தெரிந்துதான் தின்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர் என்ன பதில் சொன்னார் என்பது பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் அவருக்கு வந்த ஒரு கோபத்தில்தான். சேர்ந்த அன்று நோயாளியிடம் கேள்வி கேட்க மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்திருந்தார். லலிதா மாமி. தமிழ்க்காரர்களுக்கு மொழிபெயர்க்க இலவசமாக வந்து உதவுகிறவர். பூர்வீகம் பாலக்காடு, நல்ல மனசு. எனக்கு அன்று பள்ளியில் பரீட்சை. பிரியா பணம் கட்டுகிற வரிசையில் நின்றாள். மாமி கேட்டிருக்கிறார்: "முன்னாடி மருந்து ஏதாவது குடிச்சேளா?"

பல வாரம் கழித்து அதை நினைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "அந்த மாட்டுங்கா அம்மா என்னப் பாத்து மொத நாளே மருந்து குடிச்சியான்னு கேக்குறா பாரு. நான் எதுக்கு மருந்து குடிக்கணும்? பொண்டாட்டி பிள்ளையோட நல்லாத்தான இருக்கேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை போடுவோம், இருமலுக்கு டானிக் குடிப்போம், காமாலைக்குப் பொடி தின்போம். மருந்து குடித்தான் என்றால் பூச்சிமருந்து குடித்தான், போலீஸ் வரும், பிணத்தை அறுப்பார்கள் என்று அர்த்தம். மாமிக்கு அது எப்படித் தெரியும்? அவர் கேட்டது அவர் வீட்டுத் தமிழ், இவர் பதில் சொன்னது இவர் வீட்டுத் தமிழ். பேப்பரில் இங்கிலீஷில் ஏறியது, எந்த மருந்தும் எடுக்கவில்லை என்று.

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா அதை மோந்து பார்த்துவிட்டுக் கேஸ் பேப்பரைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பிறகு, "இதை உடனே நிறுத்துங்கள்" என்றாள். நிறுத்தினோம். ஈரல் திரும்பவில்லை. ஈரல் திரும்பாததால் கட்டிக்குக் கீமோ ஊசி ஏற்ற முடியவில்லை. கட்டி அதற்குள் ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டது. என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

சுடலைமுத்து மாலையோடு வந்தான். பாடைக்குப் பக்கத்தில் நின்று என்னிடம், "பத்தியத்துல எங்கயோ தப்பிருச்சு தங்கச்சி" என்றான். உப்புப் போட்டுக் கொடுத்திருப்பேனாம். நான்.

4

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவனை விடக்கூடாது. அவன் கையாலோ வாயாலோ நான்கு பேர் நடுவில், என் பொடிதான் கெடுத்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

பிரியாவிடம் சொன்னேன். "ஜானே தோ அம்மா, விடுங்க. வேணும்னா ஆன்லைன்ல ஒரு ஸ்டார் ரிவ்யூ போடுறேன்" என்றாள். போட்டாள். மறுநாளைக்குள் சங்கத்து ஆட்கள் அதற்குக் கீழே ஐந்து ஐந்து நட்சத்திரமாகப் போட்டு நிரப்பிவிட்டார்கள். கைராசிக்காரர், தெய்வம், கடவுள் அனுப்பிய ஆள். எங்கள் ஒற்றை நட்சத்திரம் அடியில் எங்கேயோ போய்விட்டது.

போலீஸ் ஸ்டேசன் போனேன். எழுதுகிறவர் மராட்டியில் கேட்டதற்கு நான் இந்தியில் சொல்ல, நான் சொன்ன இந்தி அவருக்குச் சிரிப்பாக இருந்தது. "மேரா ஆத்மி கோ பொடி திலாயா" என்றேன், என் வீட்டுக்காரருக்குப் பொடி கொடுத்தான் என்கிற அர்த்தத்தில். பொடி என்றால் அவருக்கு என்ன விளங்கும்? பவுடர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். போதைப் பவுடர் என்று நினைத்துவிட்டார். காமாலைப் பவுடர் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிட்டு, "அச்சா, சுடலை சேட்? என் பெண்டாட்டிக்கும் அவர்தான் கொடுத்தார். நல்ல மனிதர்" என்றார்.

டாக்டரம்மாவிடமே போனேன். அவளுடைய டிபார்ட்மெண்டில் இரண்டு ஆராய்ச்சி நடக்கிறது. ஒன்று, இலை தழை பொடியால் ஈரல் கெட்டுப்போவது. இன்னொன்று கணையக் கட்டி, அதை எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிப்பது என்று. என் வீட்டுக்காரர் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்ததில் ஒரு துளியை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். அது இன்னும் அங்கே குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. எரித்துக் கடலில் கரைத்த மனிதரில் அது மட்டும்தான் மிச்சம்.

"அந்தத் துளியில இவன் பொடி தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. கட்டி வேறு, ஈரல் வேறு. பொடியால் கட்டி வரவில்லை. அவருக்குக் கட்டி எப்படியும் இருந்திருக்கும்" என்றாள்.

"பொடியால ஈரல் கெட்டுச்சா?"

"பெரும்பாலும்."

பெரும்பாலும் என்றால் என்ன? ஆராய்ச்சியில் அதற்கு மேல் சொல்லக்கூடாதாம். வேறு காரணம் ஒவ்வொன்றாகத் தள்ளி, நிறுத்தினால் குறைந்ததா என்று பார்த்து, மதிப்பெண் போட்டு, 'வாய்ப்பில்லை', 'இருக்கலாம்', 'பெரும்பாலும்' என்று ஏதாவது ஒரு பெட்டியில் டிக் அடிப்பார்கள். பொட்டலத்தைச் சோதித்ததில் இலையோடு ஏதோ உலோகமும் இருந்தது. ஆனால் அவர் முன்னால் தின்ற பொட்டலத்திலும் அதுவே இருந்தது என்று எப்படிச் சொல்வது என்று அவளே கேட்டாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. எனக்குத் தேவை 'இவன்தான்' என்ற ஒரு சொல். அவர்களிடம் அந்தச் சொல்லே இல்லை.

"உங்களை மாதிரி பத்துப் பதினைந்து பேர் சரியாகப் பதில் சொன்னால் என்னால் இன்னும் உறுதியாக எழுத முடியும். யாரும் சொல்வதில்லை. எல்லோரும் எதுவும் சாப்பிடவில்லை என்கிறார்கள்" என்றாள்.

"அவங்க பொய் சொல்லல. கேக்குறவங்களுக்குக் கேக்கத் தெரியல" என்றேன்.

ஓய்வு பெற்ற கையோடு அந்த ஆராய்ச்சியில் கேள்வி கேட்கிறவளாகச் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்று என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பாராட்டினார்கள். சேவையும் இல்லை, மண்ணும் இல்லை. பழி வாங்கத்தான் சேர்ந்தேன்.

5

சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தக் கேள்வியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். 'இலை, தழை, வேர், பொடி, கசாயம், லேகியம், சூரணம் எதாவது தின்னீங்களா? யார் குடுத்தா? மிச்சம் வீட்டுல இருக்கா?' கூடவே, 'நாட்டு வைத்தியம் பாத்தீங்கன்னு டாக்டர் ஏச மாட்டாங்க' என்று ஒரு வரி. லலிதா மாமி அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேக்குத் தெரியலையேடி. எங்காத்துல ஜுரத்துக்குக்கூட மருந்து குடிச்சயான்னுதானே கேப்போம்" என்று அழுதார். மாமி மேல் எனக்குக் கோபம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அவர் அழுதார். சுடலைமுத்து அழவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

கேள்வியை மாற்றியதும் பதில் கொட்டியது. தாராவியிலிருந்து, செம்பூர்க் குடிசைகளிலிருந்து, தமிழ்க்காரர்கள் மட்டும் இல்லை, உத்தரப் பிரதேசத்து ஆட்கள், மராட்டிக்காரர்கள். 'யார் கொடுத்தது' என்ற இடத்தில் திரும்பத் திரும்ப அதே மளிகைக் கடை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரை எழுதும்போது எனக்கு உள்ளே ஒரு சந்தோசம் வரும். மஞ்சளாக உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பார்த்துச் சந்தோசப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும். சந்தோசம்தான் கூடுதல். மறைக்கமாட்டேன்.

6

ஒரு திங்கள்கிழமை காலை. ஹால் முழுக்கக் கூட்டம். அடுத்த பேரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், பெஞ்சின் ஓரத்தில் சுடலைமுத்து. துண்டைப் போர்த்திக்கொண்டு, கையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கண் லேசாக மஞ்சள்.

சாமி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்தான். "தங்கச்சி, நீங்க இங்கன வேல பாக்குறதாச் சொன்னாங்க. அதான் தைரியமா வந்தேன். அரிக்குது. வலியே இல்ல தங்கச்சி" என்றான். வலியே இல்லை என்பதை மறுபடியும் சொன்னான். வலியில்லாத காமாலை என்றால் என்ன என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்விகளை உள்ளே அறையில் கதவைச் சாத்தி வைத்துத்தான் கேட்க வேண்டும். அது விதி. ஒருத்தர் கதை இன்னொருத்தர் காதில் விழக்கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அறை காலியாகத்தான் இருந்தது. நான் கேள்வித்தாள் அட்டையை எடுத்துக்கொண்டு வந்து ஹாலிலேயே அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இன்னொரு எண்ணமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமி கேட்ட மாதிரியே கேட்டால் என்ன? மருந்து குடிச்சீங்களா அண்ணாச்சி என்று கேட்டால், அவனும் எங்கள் ஏரல் ஊர்ப் பக்கத்து ஆள், இல்லை என்றுதான் சொல்வான். இல்லை என்று எழுதிவிட்டு நான் பாட்டுக்குப் போய்விடலாம். அவன் பொடியைத் தின்றுகொண்டே கிடக்கட்டும், ஸ்டென்ட்டை மாற்றி மாற்றி வைக்கட்டும், ஏன் இறங்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. பேனா முனையைத் தாளில் வைத்தும்விட்டேன்.

செய்யவில்லை. நல்ல புத்தி வந்து அல்ல. அவன் வாயால் கேட்க வேண்டும் என்ற வெறி அதைவிடப் பெரிதாக இருந்தது.

"இலை, தழை, பொடி எதாவது தின்னீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

"ஒங்க பொடி?"

"இல்ல தங்கச்சி."

"எப்பயிருந்து அரிக்குது?"

"முந்தாநாள்தான். நேத்துக் கண்ணாடியில பாத்தேன், கண்ணு மஞ்சளா இருந்துச்சு. இன்னைக்கு விடிஞ்சதும் வந்துட்டேன்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவன் தின்றிருப்பான், தின்று ஈரலைக் கெடுத்துக்கொண்டு வந்திருப்பான் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஒரு வேளகூடத் தின்னலையா?" என்றேன்.

அவன் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னான்: "எப்படித் தங்கச்சி திங்க முடியும்? மாப்பிள்ளைக்கு ஆனதத்தான் கண்ணால பாத்தேன்லா. எனக்குப் பயம் வந்துட்டு."

என் வீட்டுக்காரர் செத்ததிலிருந்து அன்றைக்குவரை அவன் கடைப் பெஞ்சு காலியாக இருந்ததில்லை. நான் அவன் பேரை எழுதிய தாள்களில் இருப்பவர்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவர்கள். மாப்பிள்ளைக்கு என்ன ஆனது என்று கண்ணால் பார்த்துவிட்டு, பயந்துவிட்டு, மறுநாளும் கடையைத் திறந்து தாம்பாளத்தில் சுண்ணாம்பைக் கரைத்திருக்கிறான்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. பேப்பர்ல எழுதணும்."

"மெதுவாக் கேளு தங்கச்சி, ஆளு இருக்காங்க."

நான் எழுந்து நின்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்றால் எப்படிப் பேசுவேனோ, அந்தக் குரல் தானாக வந்தது. "சுடலைமுத்து அண்ணாச்சி சொல்றாரு, அவரு குடுக்குற காமாலைப் பொடிய அவரு ஒரு வேளகூடத் தின்னலயாம். எங்க வீட்டுக்காரர் அதத் தின்னு ஈரல் போனதப் பாத்ததுல இருந்து அவருக்குப் பயமாம்." தமிழில் சொல்லிவிட்டு இந்தியில் சொன்னேன். இந்தியில் சொல்லிவிட்டு எனக்குத் தெரிந்த மராட்டியிலும் சொன்னேன். மராட்டியில் தப்பு இருந்திருக்கும். எல்லோருக்கும் புரிந்தது.

எதிர் வரிசையில் மஞ்சள் கண்ணோடு உட்கார்ந்திருந்த ஒரு தாராவி ஆள் மெதுவாக எழுந்து வந்தார். வயசானவர், என் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா. அடிக்க வரவில்லை. சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"பொறவு எங்களுக்கு ஏன்யா குடுத்தீரு?" என்று மட்டும் கேட்டார்.

சுடலைமுத்து துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

7

டாக்டரம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவர் என் நோயாளி. உங்கள் எதிரியாக இருக்கலாம், ஆனால் இந்தக் கட்டிடத்துக்குள் அவர் என் நோயாளி. இனிமேல் யாராவது நம்மிடம் உண்மையைச் சொல்வார்களா?" என்றாள். ஆராய்ச்சிக் கமிட்டிக்கு எழுத வேண்டும், நான் இனிமேல் யாரிடமும் கேள்வி கேட்கக்கூடாது என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

நான் எழுதிய கேள்வி மட்டும் அங்கேயே இருக்கிறது. இப்போது லலிதா மாமிதான் கேட்கிறார். தன் வாய்க்கு வராத நம் ஊர்த் தமிழில், 'பொடி கிடி தின்னேளா' என்று தட்டுத்தடுமாறிக் கேட்கிறாராம். யாருக்காவது புரியாமல் இருந்தால் சிரித்துக்கொண்டே பொடி தின்கிற மாதிரி செய்துகூடக் காட்டுவாராம். சுடலைமுத்து கடைப் பலகை இறங்கிவிட்டது. சங்கத்தில் சிலர் என்னிடம் பேசுவதில்லை. வேறு சிலர் நடுத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். வீட்டில் பிரியா, "யூ ஆர் டூ மச், அம்மா" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பப்பா இருந்தா உங்களத் திட்டியிருப்பார். அப்புறம் சிரிச்சிருப்பார்" என்றாள்.

என் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு அவனுக்கு ஆபரேசன். எனக்கு அது தெரியாது. லிப்ட் முன்னால் ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள். மாமி முன்பே சொல்லியிருந்தார், அவனுக்கும் கணையத்தில்தான் கட்டி, ஆனால் சின்னது, ஈரல் சுத்தமாக இருக்கிறது, அறுத்து எடுத்துவிடலாம் என்று. பச்சைத் துணியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தவன் என்னைப் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்தான். அவன் பெண்சாதி தூரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். லிப்ட் வரவில்லை.

"பொழச்சிருவேனா தங்கச்சி?" என்றான்.

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். எவ்வளவோ இருந்தது, எல்லாமும் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் வந்தது அது இல்லை. சத்தம் போடவில்லை, குனிந்து அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"பொழச்சிருவீங்க அண்ணாச்சி. நீங்கதான் நேரத்தோட வந்துட்டீங்களே."

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். லிப்ட் வருகிறவரை திரும்பவே இல்லை.